நிர்மலா பூட்டிய கேட்

பொம்மிடி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நிர்மலா. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் என்பதால், ஊரில் யாரையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. கொரோனா மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த அந்த ஜனவரியில் ஊரே பயத்தை உதறிவிட்டிருந்தது. நிர்மலா மட்டும் வீட்டுக் கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

பால்காரர் கேட்டுக் கம்பி வழியாகப் பாலை ஊற்றிவிட்டுப் போவார். காய்கறி வந்தால் உப்புத் தண்ணீரில் அரைநாள் ஊறும். முகக்கவசம் இல்லாமல் தெருவில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவாள். இது வெறும் சளிதானாமே என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசாங்கத்தின் மீதும் அவளுக்கு மரியாதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரை அடைக்கிறார்களே, மற்ற நாளெல்லாம் கிருமி லீவில் இருக்கிறதா என்று கேட்பாள். அடுத்த தெருவில் முந்நூறு பேரைக் கூட்டிக் கல்யாணம் நடத்தினார்கள் என்று ஊராட்சி ஆபீசுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள். விசாரிக்க வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது.

இத்தனைக்கும் காரணம் அவள் தங்கை எழிலரசி. முந்தின மே மாதம் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்த நாலாவது நாள் போய்விட்டாள். துணியில் சுருட்டிய உடம்பை மின்மயான வாசலில் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுதான் பார்க்க முடிந்தது. உள்ளே இருப்பது எழிலரசிதானா என்றுகூட நிர்மலாவுக்கு நிச்சயமில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம்தான். கணவர் மாதவராஜுக்குச் சர்க்கரை. அவரையும் அப்படித் துணியில் சுருட்டிவிடக் கூடாது.

மாதவராஜ் கடைத்தெருவில் விதை, உரக்கடை வைத்திருந்தவர். நாலு பேரோடு பேசாவிட்டால் சோறு இறங்காத ஆள். முதல் அலையிலேயே கடையை மூடியாகிவிட்டது. மனைவிக்காக உள்ளேயே கிடந்தார். பேப்பரை மூன்று தடவை படிப்பார், பிறகு கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ரயில் சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று சொல்வார். சண்டை மட்டும் போட்டதில்லை.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. சித்தேரி மலையிலிருந்து சரத் பேசினான். அவன் அப்பா காளியன் தூக்கத்திலேயே போய்விட்டாராம், காலையில் எடுக்கிறார்களாம். காளியன் வருடா வருடம் சாமையும் புளியும் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு வருகிறவர். ஒரு மழைநாளில் மலைப்பாதையில் மாதவராஜின் வண்டி சறுக்கிக் கால் முறிந்தபோது, போர்வையில் தூளி கட்டி அடிவாரம்வரை சுமந்து வந்தவர் அவர்தான். போனை வைத்ததும் மாதவராஜ் வேட்டியை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.

காலையில் பக்கத்து வீட்டு முருகன் ஆட்டோவைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். ஞாயிறு ஊரடங்கு, பஸ் கிடையாது. சாவுக்குப் போகிறவர்களை போலீஸ் மறிக்க மாட்டார்கள் என்று அவன் சொல்லியிருந்தான்.

மாதவராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"சாவியக் குடு நிர்மலா."

அவள் தர மறுத்தாள். துக்க வீட்டில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், யாருக்கு என்ன இருக்கிறது என்று யார் கண்டது, போனில் பேசி ஆறுதல் சொன்னால் போதாதா என்றாள். காரியத்துக்குப் போகலாம் என்றாள். பிறகு அவர் சர்க்கரை மாத்திரைகளைப் பெயர் பெயராகச் சொன்னாள். மாதவராஜ் நீட்டிய கையை இறக்கவில்லை. முருகன் ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தங்கச்சி மொகத்தப் பாக்க உடலன்னு எட்டு மாசமா அழுவற," என்றார் மாதவராஜ். குரல் உயரவில்லை. "எனக்கும் அதே கதி வரணுமா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நிர்மலா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுக்காமல் கேட்டை ஒட்டிய திண்டின் மேல் வைத்தாள்.

"திரும்பி வந்தா வூட்டுக்குள்ள வரக் கூடாதுங்க. ஒரு வாரம் கொல்லையில இருக்கற உர ரூம்புலதான்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆட்டோ சத்தம் மறைந்த பிறகு நிர்மலா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். எழிலரசிக்காக அழுதாளா, அவருக்காக அழுதாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. முருகனின் மனைவி மாது சுவருக்கு அந்தப்புறம் அதைக் கேட்டுவிட்டு, திறந்து கிடந்த கேட் வழியாக வந்தாள். போ என்று சொல்ல நிர்மலாவுக்குத் தெம்பு இல்லை. உட்காரச் சொன்னாள். காபி போட்டுக் கொடுத்து, தானும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் குடித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு பெண்ணோடு தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தது மனசுக்கு இதமாக இருந்தது.

மாதவராஜ் இருட்டுவதற்கு முன் வந்துவிட்டார். பேச்சு மாறாமல் நேராகக் கொல்லைப்புறத்தில் இருந்த பழைய உர அறைக்குப் போய்க் கட்டிலைப் போட்டுக்கொண்டார். நிர்மலா கொல்லைக் கதவை உள்ளே தாழிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பாட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தியபின் குரல் கொடுப்பாள். காய்ச்சல் இருக்கிறதா, தொண்டை வலிக்கிறதா என்று ஜன்னல் வழியே கேட்பாள். அவர் இல்லை என்பார். சாவு வீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் ஒருமுறை செருமினால் அடுப்படியில் அவள் கை அப்படியே நிற்கும்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதுகு வலித்தது. கவலையில் வருவது என்று நினைத்தாள். புதன்கிழமை காலை தொண்டையில் முள் மாதிரி உறுத்தியது. அப்போதும் அவள் மனம் உர அறையைத்தான் சுற்றியது. அவருக்கு இட்லி வைக்க வேண்டும் என்று எழுந்தவள் அடுப்படி வரை போய்ச் சுவரைப் பிடித்தாள். சுவர் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டாள்.

வெளியே அவர் கூப்பிடுவது கேட்டது. முதலில் சாதாரணமாக. பிறகு ஜன்னலுக்கு வந்து. பிறகு கதவில் கையால் தட்டி. எழுந்துபோய்த் தாழை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பு அசையவில்லை. வாய் திறந்தால் இருமல்தான் வந்தது. தானே போட்ட தாழ் எதிரே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. எழிலரசியும் இப்படித்தான் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

கடப்பாரை விழுந்த சத்தத்தில் பாத்திர அலமாரி அதிர்ந்தது. மூன்றாவது அடியில் தாழ் பெயர்ந்தது. மாதவராஜ் உள்ளே வந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். அவள் கையை அசைத்து அவர் வாயைக் காட்டினாள். அந்த நிலைமையிலும் முகக்கவசத்தைத்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கே சுகாதார நிலையத்திலிருந்து வந்து இரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். மாதவராஜ் கஞ்சி வைத்தார், உப்புப் போட மறந்தார், மாத்திரை கொடுத்தார். மறுநாள் மத்தியானம் சந்தியா என்ற இளம் நர்ஸ் கவச உடையில் வந்தாள். சாவு வீட்டுக்குப் போய்வந்தவருக்கு ஒன்றும் இல்லை. கேட்டைத் தாண்டாதவளுக்குத்தான் கொரோனா.

விரலில் கருவியை மாட்டிப் பார்த்த சந்தியாவின் புருவம் சுருங்கியது. ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது, தர்மபுரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டாள். நாற்காலியில் சாய்ந்திருந்த நிர்மலா கேட்டின் பக்கம் பார்த்தாள். முருகன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான்.

"எங்க வூட்டுக்காரிதாங்க வந்தா," என்றான் அவன். "முந்தாநாள்லருந்து அவளுக்கு இருமல். டெஸ்டுக்குப் போலாம்னா பயப்படறா."

நிர்மலாவுக்குக் கோபம் வரும் என்று மாதவராஜ் எதிர்பார்த்தார். அவளும்தான் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அவளா வந்து உக்காரல," என்றாள் மூச்சை இழுத்து இழுத்து. "நான்தான் உக்காரச் சொன்னேன். அவள மொதல்ல பாருங்கம்மா."

ஆம்புலன்சில் மாதவராஜ் ஏறப் போனார். நோய் இல்லாதவரை ஏற்ற முடியாது என்று தடுத்துவிட்டார்கள். கதவு சாத்தும்போது நிர்மலா அவர் கையைப் பிடித்திருந்தாள். ஊழியர் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டார். வண்டி கிளம்பியது. பின் கண்ணாடி வழியே முருகனின் ஆட்டோ தொடர்ந்து வருவது தெரிந்தது. உள்ளே துண்டு கட்டிய முகம். ஆம்புலன்ஸ் வேகம் எடுக்க எடுக்க ஆட்டோ சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு வளைவுக்குப் பிறகு அது வரவே இல்லை. நிர்மலா ரோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இனி அவர் தன்னைப் பார்க்கப்போவது ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுதான் என்று முடிவே செய்துவிட்டாள்.

வார்டில் மூக்குக்குக் குழாய் வைத்துக் கொஞ்ச நேரத்தில் தலைமாட்டில் போன் அடித்தது.

"வந்துட்டேன். கீழதான் நிக்கறேன்," என்றார் மாதவராஜ். "எந்திரிச்சு எட்டிப் பாக்காத. நான் எங்கியும் போவ மாட்டேன்."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டாள். கேட்டபடியே தூங்கிப்போனாள்.

தடுப்பூசி இரண்டும் போட்டிருந்தது காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் மாதுவுக்கும் குணமாகியிருந்தது. ஓசூரில் இருந்த மகள் கலைமதி போனில் அழுது தீர்த்துவிட்டு, இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் எப்படி வந்தது என்று கேட்டாள். வந்தது, அவ்வளவுதான் என்றாள் நிர்மலா.

வீட்டுக்கு வந்த மறுநாள் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, காளியனை எப்படி எடுத்தார்கள் என்று அவளே கேட்டாள். மாதவராஜ் நிதானமாகச் சொன்னார். மலையே கூடியிருந்தது, காளியனின் மனைவி கருப்பி அழாமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள், அவர் முகம் தூங்குகிற மாதிரியே இருந்தது, தூக்கும்போது நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன் என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

"நல்லா பாத்தீங்களா மொகத்த?"

"பாத்தேன்."

"மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

"தோள் குடுக்கறப்ப மூச்சு முட்டுச்சு. கழட்டிட்டேன்."

நிர்மலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவதற்கு வார்த்தை நிறைய இருந்தது. இருமல் வந்தது. அவர் எழுந்துபோய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.