கைக்குட்டைக்குள் கடல்

என் மகளுக்கு வயது பதினொன்று. சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவள்தான் என் மேலதிகாரி.

துறைமுகத்தை ஒட்டி, ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பாய்மரப் படகுக் கூடம் ஒன்று இருக்கிறது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் படகு ஓட்டக் கற்றுத் தருவார்கள், கடலில் வாழும் ஜீவராசிகளைப் பற்றியும் சொல்லித் தருவார்கள். ஒரு படகுக்கு ஒரு பிள்ளை, அதன் வீட்டிலிருந்து ஒரு பெரியவர். ஏற்கெனவே பழகியவர் கேப்டன், பழகாதவர் க்ரூ. மகள் போன விடுமுறையிலேயே பயிற்சியை முடித்துவிட்டாள். எனக்குத் தண்ணீரோடு இருபது வருஷப் பழக்கம் உண்டு, ஆனால் அது ஊர்க் குடிநீர் நிலையத்தில், வடிகட்டும் பிரிவில்.

கரைக்கு வந்ததும் கேப்டன் பதிவேடு எழுத வேண்டும். அதில் ‘நேர்ந்த தவறு’ என்று ஒரு கட்டம். எந்தப் புண்ணியவான் யோசித்த கட்டமோ தெரியாது. முதல் வாரம் மகள் எழுதியது: ‘குனி என்றேன். க்ரூ ஏன் என்று கேட்டார். பாய்க் கட்டை தலையில் அடித்தது.’ இரண்டாம் வாரம்: ‘பக்கத்துப் படகுக்காரருக்கு வணக்கம் சொல்ல க்ரூ எழுந்து நின்றார். படகு கவிழ்ந்தது.’ மரியாதை தெரிந்த மனிதனுக்கு இந்த உலகத்தில் இடமில்லை.

மூன்றாம் வாரம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, இன்னைக்கும் சொதப்பினீங்கன்னா அடுத்த வாரத்துல இருந்து அத்தைதான் க்ரூ.”

அத்தை என்றால் என் தங்கை. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, மீன் மாதிரி நீந்துவாள். நான் சிரித்து மழுப்பினேன், உள்ளுக்குள் திக்கென்றது. எனக்கு ஷிப்ட் வேலை. அவளும் நானும் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் இருப்பது அந்தப் படகில் மட்டும்தான். திட்டினாலும் என்னைத்தானே திட்டுகிறாள்? அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

கரைக்குப் போனால் தங்கை புத்தம் புது மிதவைச் சட்டையோடு நின்றிருந்தாள். கொக்கியை மட்டும் இன்னும் மாட்டவில்லை.

“சும்மா வேடிக்கை பார்க்கத்தாண்ணே வந்தேன்,” என்றாள்.

அன்றைய வேலை சுலபம். மஞ்சள் மிதவை வரை போய், நுண்ணிய வலை ஒன்றைத் தண்ணீரில் இறக்கி, பத்து நிமிடம் மெதுவாக இழுக்க வேண்டும். வலையின் நுனியில் ஒரு பாட்டில். அதில் சேருவதைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். நான் குனி என்றால் குனிந்தேன், இழு என்றால் இழுத்தேன். வாயிலிருந்து ஒரு ‘ஏன்’கூட வரவில்லை. திரும்பும்போது, “பரவால்ல, க்ரூ,” என்றாள் கேப்டன். சம்பள உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு பூரித்துப் போனதில்லை.

அந்தப் பூரிப்பில்தான் பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே பழுப்பும் பச்சையுமாகக் கலங்கல். இந்தத் தண்ணீரை எங்கள் நிலையத்திலிருந்து வெளியே விட்டால் ஊரே வாசலில் வந்து நிற்கும். இதையா என் மகள் பத்துப் பேர் முன்னால் கொண்டுபோய்க் கொடுப்பது? அவள் சுக்கானைப் பிடித்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சலவை செய்த கைக்குட்டையை எடுத்து, நாலாக மடித்து, தண்ணீரைப் படகிலிருந்த மாற்று பாட்டிலில் வடிகட்டினேன். பளிங்கு மாதிரி இருந்தது.

ஆய்வகம் என்பது நீளமான ஒரு அறை. தரையெல்லாம் ஈரக் கால் தடம், மேஜை மேல் மூன்று மைக்ரோஸ்கோப். கடல் பாடம் எடுக்கும் இளைஞர் எங்கள் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். இன்னொரு சொட்டு வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே! எல்லா பாட்டில்லயும் உயிருங்க இருக்கு. இவங்க போன பக்கம் மட்டும் கடல் காலியா?”

மகள் என் பக்கம் திரும்பினாள். “அப்பா, பாட்டில என்ன பண்ணீங்க?”

கூடத்து எல்லைக்குள் அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுவே முதல் முறை. விஷயம் பெரிசு என்று புரிந்தது.

“கைக்குட்டையில வடிகட்டினேம்மா. ஒரே அழுக்கா இருந்துச்சு.”

“அந்த அழுக்கத்தான் பிடிச்சுட்டு வரச் சொன்னாங்க!”

அறை கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். தங்கை கொக்கியை மாட்டிவிட்டாள்.

“கைக்குட்டை எங்க?” என்றாள் மகள்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“மூக்கு சிந்தினீங்களா?”

“சேச்சே. நெத்திய மட்டும் லேசா...”

அவள் அதைப் பிடுங்கி, கிண்ணத்தில் கொஞ்சம் கடல் நீர் ஊற்றி அலசினாள். இளைஞர் அதிலிருந்து ஒரு சொட்டு வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“அம்மாடியோவ்! ஒரு சொட்டுல இத்தனையா? மொத்தமும் துணியில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. ஆனா கறுப்பா, நீளமா ஒண்ணு கிடக்கே, இது என்ன ஜாதின்னு தெரியலயே...”

மகள் எட்டிப் பார்த்தாள். “அது எங்கப்பா புருவ முடி சார்.”

என்னையும் பார்க்க விட்டார்கள். கண்ணாடி உடம்பும் இரண்டு மீசையுமாகக் குட்டிக் குட்டியாக என்னென்னவோ துள்ளின. ஒன்றின் வயிற்றுக்குள் என்னமோ துடித்தது. இருபது வருஷமாக இவற்றின் உறவுக்காரர்களை ஒருத்தர் விடாமல் வாசலிலேயே தடுத்து நிறுத்தியவன் நான், ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணை எடுக்கவும் மனம் வரவில்லை.

நிமிர்ந்தபோது மகள் பதிவேட்டை விரித்திருந்தாள். அந்தக் கட்டத்தில் என் பெயருக்கு என்ன வரப்போகிறதோ என்று அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

‘நேர்ந்த தவறு: வலை எதற்கு என்று கேப்டன் க்ரூவிடம் சொல்லவில்லை.’

“தப்பு பண்ணது நான்தானேம்மா?”

“நீங்க ‘ஏன்’னு கேக்கக் கூடாதுன்னு வெச்சது நான்தானே.” நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள். ‘அடுத்த வாரம் க்ரூ: அப்பா. ஏன் என்று கேட்கலாம். குனிந்த பிறகு.’

கொக்கி கழலும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது, கைக்குட்டையோ கிண்ணத்தில் கிடந்தது.