கிழக்கே கடல்

நோட்டரி அருமைநாயகம் முத்திரை குத்திய பத்திரத்தில் பிழை இருந்தால், எங்கள் ஊரில் அந்தப் பிழைதான் நடக்கும். தெரிந்தே எழுதிய பொய் பலிக்காது. அவர் கண்ணுக்குத் தப்பியது மட்டுமே பலிக்கும். அதனால் மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் எதையும் படிப்பார். ஊறுகாய் பாட்டிலின் லேபிளைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். படித்துப் படித்து அலுத்துப்போயிருந்தார், பாவம்.

யானைக்கும் அடி சறுக்கும். போன மாதம் கோதண்டபாணியின் வீட்டுப் பத்திரத்தில், நான்கெல்லை விவரத்தில், ‘கிழக்கே கடல்’ என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. டைப்பிஸ்ட் ஜெசிந்தா எதையும் புதிதாக அடிக்கமாட்டாள். கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவாள். அன்றைக்குத் திறந்தது ஒரு நாகப்பட்டினத்துக்காரருடையது. முத்திரை விழுந்த சாயங்காலமே கோதண்டபாணியின் கொல்லைச் சுவரை ஒட்டிக் கடல் வந்துவிட்டது. நல்ல கடல்தான், குறை சொல்ல முடியாது. அங்கே இருந்த மரகதவல்லியின் வீடுதான் இல்லை. ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் அவள் மட்டும் மிஞ்சினாள்.

அவள் புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. தங்கை வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, தினமும் நோட்டரி ஆபீசுக்கு வந்து உட்காருவாள்.

“வேற வீடு பாத்துக்கலாமேம்மா,” என்றார் அருமைநாயகம் ஒருநாள்.

“அவரு சட்டை ஆணியில தொங்குது சார். அப்படியே உள்ள போயிருச்சு.”



திருத்தப் பத்திரம் போட கோதண்டபாணியும் சம்மதிக்க வேண்டும். முதலில் இழுத்தடித்தார். நாக்கு மீன் ருசி கண்டுவிட்டது. பிறகு அவரே வந்தார். “துணி காய மாட்டேங்குது சார். பீரோ துருப்பிடிச்சுப் போச்சு. எடுத்துருங்க.”

ஜெசிந்தா இந்த முறை உற்சாகமாக இருந்தாள். “மரகதம் அக்காவோட பழைய பத்திரமே கம்ப்யூட்டர்ல இருக்கு சார். பேர்கூட மாத்த வேண்டியதில்ல, அது மேலயே அடிச்சுட்டேன்.”

கோதண்டபாணியும் மரகதவல்லியும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அருமைநாயகம் படிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் சதுர அடி இருக்கவேண்டிய இடத்தில் ஏக்கர் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் வீட்டுக்கு நடுவே பஸ் ஓடியிருக்கும். அடித்துத் திருத்தினார். எல்லைகளை விரல் வைத்துப் படித்தார். கிழக்கே மரகதவல்லியின் வீடு. சரி.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது மரகதவல்லி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை அவருக்குப் பழக்கம். பத்திரத்தில் தனக்குப் பிடித்த பிழை ஒன்றைக் கண்டுகொண்டவர்கள் அப்படித்தான் விசிறியைப் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து அடித்திருக்கிறார். அவர்களும் எழுந்து போயிருக்கிறார்கள். இன்றைக்கு அவருக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது, தன்மேலும்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். கண்ணாடி மேஜையில் இருக்கும்போதே இரண்டாம் பக்கத்தில் முத்திரையைக் குத்தினார்.

“ஆச்சு, வீட்டுக்குப் போங்கம்மா.”

சாயங்காலத்துக்குள் கடல் வடிந்துவிட்டது. தெருவில் சேறும் கொஞ்சம் நெத்திலியும் கிடந்தன. ஊர்ப் பூனைகள் எல்லாம் அங்கே இருந்தன.

ஆபீசைப் பூட்டப் போகும்போது ஒருவர் வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க ஈரம். பிடரிப் பக்கத்தில் ஆணியின் துருக்கறை.

“நான் சிவக்கொழுந்து. மரகதவல்லி வீட்டுக்காரர். ரெண்டாம் பக்கத்துல நான் கையெழுத்துப் போடலையாமே? அவதான் அனுப்பினா.”

“உக்காருங்க.”

அருமைநாயகம் பத்திரத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ‘தன் கணவர் சிவக்கொழுந்து, வயது 52, என்பவருடன் மேற்படி வீட்டில் சேர்ந்து வசித்துவரும்’ என்று இருந்தது. அவள் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்துக்கு இடமும் இருந்தது.

“முழுசாப் படிச்சுட்டுப் போடுங்க,” என்றார் பேனாவை நீட்டி.

சிவக்கொழுந்து உதட்டை அசைத்துப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

“சார், இதுல ஒரு தப்பு இருக்கே. வயசு அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கு. அது நான் போய்ச் சேர்ந்த வருஷத்துக் கணக்கு.”

அருமைநாயகம் பெருமூச்சு விட்டபடி சிவப்பு மையை எடுத்தார்.

“இருங்க சார்,” என்றார் சிவக்கொழுந்து யோசித்து. “நடுவுல ஆறு வருஷம் நான் இல்லையே. அப்ப அம்பத்திரண்டுதான்.”

அருமைநாயகமும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. சிவப்பு மையை மூடிவைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.