சிவப்புக் கேடயத்தின் கோவேறு கழுதை

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு, பீரங்கிப் படைப்பிரிவின் தலைமையகக் கூடத்தில் மாட்டியிருந்த கேடயத்திலிருந்து கோவேறு கழுதை சாணம் போட்டது. ஆறு மணிக்கு சார்ஜென்ட் ஓரின் டீக் வந்து விளக்கைப் போடுவான். தகர முறத்தால் அள்ளி வாளியில் கொட்டுவான். தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவான். வாளியைப் பின்பக்கக் குழியில் கவிழ்த்து மண் போடுவான். பிறகு கை கழுவிக்கொண்டு, ஓக்லஹோமாச் சமவெளியின் காற்றில் கால் மைல் நடந்து, காலை உணவுக்கு வீட்டுக்குப் போவான். நாற்றம் அவனோடு வீடு வரைக்கும் வரும். அவன் மனைவி லோவினா கழுதையும் சேர்ந்து வந்துவிட்டது என்று சொல்லி ஜன்னலைத் திறப்பாள்.

கேடயம் 1922-இல் வந்தது. பீரங்கிப் படையின் நிறம் என்பதால் சிவப்பு. 1918-இல் பிரான்சின் காட்டுச் சேற்றில் பீரங்கிகளை இழுத்துச் செத்த விலங்குகளுக்காக நடுவில் ஒரு கறுப்புக் கோவேறு கழுதை. அடியில் ஒரு நாடா, அதில் ‘குறி தவறாதவர்’ என்ற வாசகம். மாட்டிய மறுநாளே சாணம் விழுந்தது. சின்னங்களைக் கவனிக்கும் வாஷிங்டன் அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் போயின. அங்கீகரித்த வரைபடத்தில் சாணம் இல்லை, எனவே அது படைப்பிரிவுடையது ஆகாது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அள்ளுவதற்கு ஒரு சார்ஜென்ட்டை நியமித்தார்கள். சாணத்தில் எப்போதாவது காகிதம் கிடக்கும். படைப்பிரிவின் வரலாற்றைப் பதினொரு முறை திருத்தி எழுதியிருந்தார்கள். முந்தைய நாள் அடித்துவிட்ட வரி மறுநாள் காலை மை கலையாமல் கழுதையின் வழியாக வெளியே வரும். தவறிப்போய்த் தன் ஆட்கள் மேலேயே குண்டு போட்ட பாலம், ஆள் இருந்த பள்ளிக்கூடம், எல்லாம் அப்படித்தான் வந்தன. சார்ஜென்ட்டுகள் படித்தார்கள், புதைத்தார்கள். சாப்பாட்டுக் கூடம் அடுத்த அறையில் இருக்கிறதே என்பது மட்டும்தான் சமையற்காரன் டூலியின் புகார்.

1963 மார்ச் பதினான்காம் தேதி காலைப் பயிற்சியில், மூன்றாம் பீரங்கிக்காரர்கள் ஏழு பை வெடிமருந்து போட வேண்டிய இடத்தில் ஐந்தே பை போட்டார்கள். குண்டு குறிவைத்த மலையை எட்டவில்லை. சார்ஜென்ட் குடியிருப்பின் பத்தொன்பதாம் எண் வீட்டில் விழுந்தது. வீட்டில் லோவினா இருந்தாள். கிடைத்ததை ஒரு பூட்ஸ் பெட்டியில் வைத்து டீக்கிடம் கொடுத்தார்கள். மூடியில் ‘அளவு பத்து’ என்று அச்சிட்டிருந்தது. எரிவாயு சிலிண்டர் வெடித்ததாக விசாரணைக் குழு எழுதியது.

கல்லூரியில் படித்தவன் என்பதால் பன்னிரண்டாம் திருத்தத்தைத் தட்டச்சு செய்யும் வேலை டீக்கிடம் இருந்தது. அவன் ஒரே ஒரு வரி சேர்த்தான்: மூன்றாம் பீரங்கியின் குண்டு குறிக்கு முன்பே விழுந்தது, லோவினா டீக் இறந்தாள். அந்த வரி நிற்க வேண்டும். வேறு எதையும் அவன் கேட்கவில்லை.

படைப்பிரிவின் தலைவர் கர்னல் பிரிங்க் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

“சிலிண்டர்னு குழுவே எழுதியாச்சே, டீக்.”

“எங்க வீட்ல கரண்ட் அடுப்பு சார்.”

“நாப்பது வருஷமா அந்த நாடாவுல குறி தவறாதவர்னு இருக்கு. ஒரு வீட்டுக்காக அத அழிக்கச் சொல்றியா? சின்ன வயசு. வேற கல்யாணம் பண்ணிக்கோ.”

வரியை அடித்தார். மறுநாள் காலை அது சாணத்தில் வந்தது. டீக் அன்று மட்டும் குழிக்குப் போகவில்லை. வாளியை மூடி வைத்தான். எட்டு மாதம் ஆகியும் அது காயவில்லை.

டிசம்பரில் பீரங்கிக்காரர்களின் காவல் புனிதை பார்பராவுக்கு விருந்து நடக்கும். பெரிய வெள்ளிக் கிண்ணத்தில் ரம் ஊற்றி, படைப்பிரிவு சண்டை போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். பிரான்சுக்குச் சேறு, இத்தாலிக்கு ஆட்டுப்பால், கொரியாவுக்குத் துருப்பிடித்த ஆணி. கடைசியில் இளைய லெப்டினன்ட்டின் ஒரு வாரத்துக் காலுறையில் வடிகட்டுவார்கள். இடமும் தேதியும் சொல்லி யார் எதைப் போட்டாலும் மறுக்கக் கூடாது. கர்னல் முதலில் குடிக்க வேண்டும். குடித்தது வரலாற்றில் ஏறும். வயிற்றுக்குள் போனதை எவரும் அடிக்க முடியாது என்பது விதி. அதை ஒருவரும் மீறியதில்லை.

“போன வருஷம் காலுறைய மட்டும்தான் குடுத்தீங்க, லெப்டினன்ட். இந்த வருஷம் விரலையும் சேத்துப் போட்டீங்களா?” என்றான் டூலி. கையுறை அணிந்த மனைவிமார்கள் சிரித்தார்கள்.

டீக் வாளியோடு எழுந்தான்.

“மார்ச் பதினாலு. மூணாம் பீரங்கி, ரெண்டு பை குறைச்சல். பத்தொன்பதாம் நம்பர் வீடு. லோவினா.”

கிண்ணத்தில் கொட்டினான். காகிதம் எழுத்துப் பக்கம் மேலாக மிதந்தது. இருநூறு பேர் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். ஒருவர் காலுறையை ஒருவர் இருபது வருடமாகக் குடித்தவர்கள். பிரிங்க் கிண்ணத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், குடித்தார். அவர் மீசையில் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு எல்லோரும் குடித்தார்கள். ஒரு மேஜர் கோப்பையிலேயே வாந்தியெடுத்து, விதி என்பதால் அதையும் குடித்தார். எழுத்தர் வரியைப் பதிந்தார். அதன் பிறகு நடனம் நடந்தது.

மறுநாள் கூடத்தின் தரை சுத்தமாக இருந்தது. கேடயத்தில் சிவப்பு மட்டும் இருந்தது. வாஷிங்டன் அலுவலகம் வரைபடத்தைத் திருத்தி, ‘சிவப்பு, வெறுமை’ என்று அனுப்பியது. நாடாவை அப்படியே விட்டார்கள். பிரிங்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அன்று காலையும் டீக் பழக்கத்தில் கை கழுவிக்கொண்டு கால் மைல் நடந்தான். பத்தொன்பதாம் எண் இருந்த பள்ளத்தில் கழுதை நின்றது. அவன் திரும்பியபோது பின்னாலேயே வந்தது. ஊருக்குள் அவன் எடுத்திருந்த வாடகை அறை வரைக்கும் வந்தது. ரொம்பத் தின்னுமா என்று வீட்டுக்காரி கேட்டாள். இனிமேல் புல் மட்டும்தான் என்றான். இப்போது தினமும் காலை ஆறு மணிக்குக் கொல்லையில் அள்ளுகிறான். காகிதம் எதுவும் இருப்பதில்லை.

அந்த மார்ச் பதினான்காம் தேதி காலை, குண்டு விழுவதற்கு முன்பு, அவன் முட்டை சாப்பிட்டுவிட்டு வாசலில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். லோவினா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“சாயங்காலம் வரும்போது அந்தக் கழுதைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாத,” என்றாள்.