காய்ந்த சுவருக்குள் தண்ணீர்

ஏழாம் மாடியில் தரைக்கல் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தவளுக்கு மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ குழாயை அரைகுறையாக மூடிவிட்டுப் போனது போல, சுவருக்குள் மெல்லிசாக, நிற்காமல் தண்ணீர் ஓடியது. கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். சத்தம் கேட்டால் அடுத்த நிமிஷம் அடிவயிற்றில் நெருப்பு வைத்த மாதிரி முட்டும். கழிப்பறையோ கீழே தரையில்.

"குழாயக்கா கிளம்பிட்டாங்க, வழி விடுங்கப்பா!" என்று பெயிண்டர் கத்தினான். சாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் அவள் ஒரு மாடி இறங்கியிருந்தாள்.

திரும்பி ஏறி வந்தபோது படிக்கட்டில் மேஸ்திரி நின்றிருந்தார்.

"காலையிலேர்ந்து இது எட்டாவது தடவை. ஏம்மா, நீ வேலை செய்ய வந்தியா, படி எண்ண வந்தியா? இந்த மாசம் பாக்குறேன். அப்புறம் வேற ஆள்தான்."

கல் இடுக்கு பூசுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை தெரியாது.

பிளம்பரைக் கையோடு கூட்டிவந்து சுவரைக் காட்டினாள். அவன் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, குழாயே இன்னும் மூணாம் மாடியைத் தாண்டலை. இதுக்குள்ள வெறும் செங்கல்தான். கொஞ்சம் வெயில்ல நிக்காம இருங்க."

போன மாதம் ஆறாம் மாடியில் வேலை. அப்போது சத்தமும் ஆறாம் மாடியில்தான் கேட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

நாலு டாக்டர் பார்த்தாகிவிட்டது. ஒருவர் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். ஒருவர் தண்ணீர் நிறையக் குடி என்றார், அடுத்தவர் குறைத்துக் குடி என்றார். நாலாமவர் அவளை விட்டுவிட்டு அவள் புருஷனைப் பார்த்து, "மனசுலதான் ஏதோ கவலை," என்றார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடினால் யாருக்குத்தான் கவலை வராது! அன்று வீட்டில் புருஷன் தணிந்த குரலில், "சத்தம் இப்பவும் கேக்குதா?" என்றான். புத்தி பேதலித்தவளிடம் பேசுவது மாதிரி. சுவரை விட அந்தக் குரலுக்குத்தான் அவள் பயந்தாள்.

வழி காட்டியவர் ஆஸ்பத்திரியில் சிறுநீர் டப்பா வாங்கிப் பரிசோதிக்கிறவர். ஒன்பதாவது தடவை அவள் டப்பாவை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"தாயே, எட்டு தடவை நானே பார்த்துட்டேன். இதுல ஒண்ணுமே இல்ல. இன்னொரு தடவை பார்த்தா முத்தா வரப்போகுது? பின்கட்டுல பன்னெண்டாம் நம்பர் ரூமுக்குப் போ. அந்த டாக்டரம்மா கேள்வி கேக்கும்."

டாக்டரம்மா கேட்டார். "சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலிக்குதா? போனதும் கொஞ்சம் அடங்குதா?"

நாலு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வேகத்தில் சத்தத்தையும் சொல்லிவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கொடுத்தார்.

"மூணு நாளைக்குப் போற நேரத்தையும் அளவையும் எழுதிட்டு வா. சத்தம் கேட்டா அதையும் எழுது. எழுதத் தெரியும்ல?"

"போன வருஷம்தான் கத்துக்கிட்டேன். மெதுவா வரும்."

"மெதுவாவே எழுது."

தச்சரிடம் வாங்கிய பென்சில் துண்டால் எழுதினாள். *பத்து ஐந்து சத்தம். பத்து ஆறு முட்டியது, பத்து ஒன்பது போனேன், கால் குவளை கூட இல்லை.* பக்கம் பக்கமாக அப்படியே.

நோட்டைப் புரட்டிய டாக்டரின் விரல் நின்றது. "எல்லா இடத்துலயும் சத்தம்தான் முதல்ல வருது. ஒரு நிமிஷம் முன்னாடி."

"ஆமாம்மா."

டாக்டர் எழுந்து போய், கைகழுவும் தொட்டியின் குழாயை இறுக்கித் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

உள்ளே கருவி விட்டுப் பார்த்ததில் பையின் உள்தோல் புண்ணாகியிருந்தது. "அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம்," என்றார் டாக்டர். "அந்தச் சத்தத்துக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல."

வாரம் ஒரு தடவை பைக்குள் மருந்து விட்டார்கள். டீயை நிறுத்தினாள். மேஸ்திரிக்கு டாக்டர் கடிதம் கொடுத்தார். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அவளையே திட்டினார். வேலை தப்பியது. நாலாம் மாதம் இரண்டு மணி நேரம் தாங்கினாள். சுவரும் வாயை மூடிக்கொண்டது.

வேலை பத்தாம் மாடிக்கு ஏறியது. குழாய் இன்னும் ஐந்தைத் தாண்டவில்லை. மணல் சுமக்கப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். ஒரு மதியம் கூடையோடு நடந்தவள் சட்டென்று நின்று, சுவரில் காதை வைத்தாள்.

"அக்கா, இங்க தண்ணி வந்துடுச்சா?"

குழாயக்கா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓடிப்போய்த் தானும் காதை வைத்தாள். காய்ந்த செங்கல். ஒன்றுமே கேட்கவில்லை.

"எவ்வளவு நாளா கேக்குது?"

"முன்னாடி வேலை பார்த்த இடத்துலயும் கேட்டுச்சு. ஏன்க்கா, உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டுக்கொண்டிருக்கும்போதே புதியவளின் கை அடிவயிற்றுக்குப் போனது.

"கூடையைப் போடு. கீழ ஓடு. ஒரு நிமிஷம்தான் இருக்கு!"

அவள் ஓடினாள். "இன்னொரு குழாயா!" என்று சாரத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. குழாயக்கா நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, டாக்டரின் பெயரையும் பன்னிரண்டாம் நம்பர் அறையையும் எழுத்துக் கூட்டி எழுதினாள். எழுதி முடிக்கும்வரை சுவர்ப்பக்கம் திரும்பவே இல்லை.