மூன்றாவது ஊசி

இரண்டாவது தடவையும் ஊசி உள்ளே போனது, ரத்தம் வரவில்லை. அந்த நர்ஸ் பெண் ஊசியை லேசாகப் பின்னுக்கு இழுத்தாள், சாய்த்தாள், மறுபடி தள்ளிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனுக்கு, அந்த ஊசி தன் பல்லுக்குள் இறங்குவதுபோல இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இந்த வார்டில் அவனுக்கு அந்த அடையாளமெல்லாம் இல்லை. அவனுடைய அக்காதான் இங்கே இன்சார்ஜ் சிஸ்டர் என்பதால், அம்மாவைச் சேர்த்த முதல் நாள் ‘சிஸ்டரோட தம்பி’ ஆனான், மூன்றாம் நாள் வெறும் ‘தம்பி’ ஆகிவிட்டான். தன்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊசி குத்திக்கொண்டிருந்தவளுக்கும் இங்கே பெயர் இல்லை. அவள் ‘புதுசு’. சேர்ந்து நாலு மாதமாகிறது, அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள், ஆனாலும் அவள்தான் புதுசு.

அம்மாவுக்கு இதயம் களைத்துப்போய்விட்டது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, கையும் காலும் பொதபொதவென்று வீங்கிக் கிடந்தன. நீரை இறக்கும் மருந்து நரம்பு வழியாகத்தான் போகவேண்டும். காலையில் பழைய ஊசி கழன்றுவிட்டது. புதிதாகப் போட வீக்கத்துக்குள் நரம்பைத் தேடவேண்டும்.

அந்த வார்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி இரண்டு தடவைதான் குத்தலாம். கிடைக்கவில்லையென்றால் ஊசித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அனுபவசாலியைக் கூப்பிடவேண்டும். அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மருந்து அலமாரிக் கதவில் ஒட்டியவளே அக்காதான்.

புதுசு தட்டை அக்காவின் பக்கம் நீட்டினாள். “சிஸ்டர், ரெண்டு ஆயிடுச்சு. நீங்க போடுங்க.”

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டை வாங்கவில்லை.

“கையை மாத்து. இடது கையில மணிக்கட்டுக்கு மேல தடவிப் பாரு. அவசரப்படாத.”

“அக்கா, நீ போடேன்” என்றான் தம்பி.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாதான் கண்ணைத் திறந்தாள். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிப் பேசினாள்.

“அவளே குத்தட்டும்டா. நாப்பது வருஷம் தையல் கடையில ஊசி பிடிச்சவ நான். மொத வருஷம் எத்தனை துணியைக் கெடுத்தேன்னு எங்க முதலாளியைக் கேட்டுப் பாரு.”

“உங்க முதலாளி செத்து இருபது வருஷம் ஆச்சும்மா.”

“அப்ப நானே நேர்ல கேட்டுக்கறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. புதுசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். விரலால் தடவினாள், நிறுத்தினாள், மறுபடி தடவினாள். மூன்றாவது ஊசியில் ரத்தம் வந்தது. பிளாஸ்டர் ஒட்டி, மருந்தை ஏற்றிவிட்டு அவள் நிமிர்ந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. “அவ்வளவுதான், வலிக்கவே இல்ல” என்றாள் அம்மா.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் கை எப்பேர்ப்பட்ட கை என்று அவனுக்குத் தெரியும். குழந்தைகள் வார்டிலிருந்தும் தீக்காய வார்டிலிருந்தும் அவளைத் தேடி ஆள் வரும். இருட்டில்கூட நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள் என்பார்கள். அந்தக் கைக்காகத்தான் எட்டு மாதத்துக்கு முன் அவளை இன்சார்ஜ் ஆக்கினார்கள். நன்றாக வண்டி ஓட்டுகிறவனைப் பிடித்து டிப்போ மேனேஜர் நாற்காலியில் உட்காரவைப்பது போலத்தான் அதுவும். அவள் நாற்காலியில் உட்கார்ந்தால்தானே? பதினாலு கட்டிலுக்கும் தானே ஓடினாள். மற்றவர்கள் ஒன்றைத் தொட்டாலே “தள்ளு, நான் பாத்துக்கறேன்” என்பாள். அவர்களும் சந்தோஷமாகத் தள்ளிக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்றைக்கு வார்டில் ஒரு அம்மாளுக்கு ஊசி கழன்றுவிட்டது. இருந்த மூன்று பேரும் மாறி மாறிக் குத்தினார்கள். நரம்பு கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த அம்மாள் இறந்துபோய்விட்டாள். நர்சிங் சூப்பிரண்டு மேடம் அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “உன் கை நல்ல கைம்மா. ஆனா உன் வார்டுல மொத்தமே ஒரு கைதான் இருக்கு” என்று மட்டும் சொல்லி, இன்சார்ஜ்களுக்கு நடத்தும் ஆறு நாள் வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

‘நீ தொடாதே, மற்றவரைச் செய்யவிடு’ என்று வகுப்பில் படித்ததை அக்கா வீட்டில்தான் பழகிப் பார்த்தாள். தம்பியைச் சோறு வடிக்கச் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அடிப்பிடிக்கிற வாசனை வந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். “படிப்பு அவளுக்கு, கரி சோறு நமக்கு” என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்போது அவனும் சிரித்தான். அம்மாவின் கையே அடுப்பில் வைத்த பானையாகும் என்று யார் நினைத்தது?

அக்காவை லிஃப்ட் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவன் கால் தானாக அங்கேதான் போய் நிற்கும்.

“பாடம் நடத்த உனக்கு அம்மா கைதான் கிடைச்சுதா?”

“மெதுவாப் பேசுடா. பேஷண்ட்டுங்க இருக்காங்க.”

“ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ஒரே குத்துல போடுவ. பெத்தவளுக்குப் போட மாட்டியா?”

“அவ கத்துக்கணும். நான் இல்லாதப்ப யாரு போடுவா?”

“அது ரெண்டு தடவைக்கு. மூணாவது? நீயே எழுதி ஒட்டின சட்டம்தானே அது?”

லிஃப்ட் வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது.

“அம்மா சாகப்போறாக்கா.”

“தெரியும். உனக்குச் சொன்னதே நான்தான்.”

“பதவி வந்தா மனுஷங்க மாறிடுவாங்கன்னு சொல்வாங்க. கண்ணால பாத்துட்டேன்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு யூனிஃபார்ம் கோட்டைக் கீழே இழுத்துச் சரிசெய்துகொண்டாள். “பதினோரு மணி மருந்து குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். லீவு போடு என்று சூப்பிரண்டு மேடமே சொல்லியும் அவள் போடவில்லை. ‘நீ லீவு போட்டுட்டு என் பக்கத்துல உட்கார்ந்தா எனக்கே பயம் வந்துடும், போய் வேலையைப் பாரு’ என்று அம்மாவும் விரட்டியிருந்தாள். தாயும் மகளும் பேசிவைத்துக்கொண்டு தன்னை வெளியே நிறுத்திவிட்டதாகத் தம்பிக்குத் தோன்றியது.

மருந்து இறங்கிய பிறகு அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. தலையணையை உயர்த்தி வைத்து அவளைச் சாய்த்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

“அவளைத் திட்டினியா?”

“இல்லம்மா.”

“பொய் சொன்னா உன் காது செவந்துடும். பால் குடிக்கிற வயசுலேருந்தே அப்படித்தான்.”

அவன் காதைத் தடவிக்கொண்டான். அம்மா ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினாள். போடச் சொல்லி அவன் கையை நீட்டினான், அவள் தட்டிவிட்டாள்.

“நேத்து நீ டீ குடிக்கப் போனியே, அப்ப அவதான் வந்தா. ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கு, மாத்தணும்னா. பஞ்சு வெச்சுத் துடைச்சா. ஊசியைக் கிட்ட கொண்டுவந்தா.” மூச்சு வாங்கினாள். “கை ஆடுச்சுடா.”

“யாருக்கு?”

“உங்க அக்காவுக்குத்தான். கீழ வெச்சுட்டா. திரும்ப எடுத்தா. திரும்ப ஆடுச்சு. என் கையைத் தொட்டாலே ஆடுது. திரையை இழுத்துவிட்டுட்டு அப்படியே நின்னா. யார்கிட்டயும் சொல்லாதம்மான்னா.”

தம்பி ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டான்.

“கைக்குன்னு பேர் வாங்கினவ. இந்தப் பிள்ளைங்க முன்னாடி அந்தக் கை ஆடினா நாளைக்கு எவ அவ பேச்சைக் கேப்பா? அதான் புதுசே குத்தட்டும்னேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “வலிச்சுதுடா. உயிர் போற மாதிரி வலிச்சுது. அதை மட்டும் அவகிட்ட சொல்லிடாத” என்றாள்.

மாஸ்க்கைத் தானே இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். தம்பிக்கு வெட்கமாக இருந்தது. லிஃப்ட் வாசலில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து குத்தியது. அம்மா கண்ணயரும்வரை இருந்துவிட்டு எழுந்தான்.

அக்கா பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு பாட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், இரு என்று ஒரு விரலைக் காட்டினாள். அவன் சுவரோரமாக நின்றான். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தான். ‘தப்பாப் பேசிட்டேன்க்கா.’ அவ்வளவுதான். அதற்குமேல் பேசினால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

“சிஸ்டர்.”

அம்மாவின் ஏழாம் கட்டிலிலிருந்து புதுசின் குரல். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் பாட்டியின் முதுகிலிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

ஓடக்கூடாது என்பது அவர்கள் பழக்கம். அக்கா வேகமாக நடந்தாள், தம்பி ஓடினான். அம்மாவின் மார்பு பெரிதாக எழும்பியது, பிறகு வெகுநேரம் எழும்பவில்லை, மறுபடி எழும்பியது. மெஷின் எதுவும் வேண்டாம் என்று முந்தின நாளே அம்மா டாக்டரிடம் சொல்லி, பிள்ளைகள் இருவரும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

“நீ டாக்டரைக் கூப்பிடு” என்றாள் அக்கா ஒருத்தியிடம். “நீ திரையை இழு. பாட்டியை யாராவது போய்ப் பாருங்க, பாதியில விட்டுட்டு வந்துட்டேன். புதுசு, நீ தலைமாட்டுல நில்லு. நாடி பாரு, நேரத்தைப் பாரு.”

குரல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒவ்வொருத்தியும் சொன்னதைச் செய்யப் போனாள். எல்லாருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்து முடித்தபின் அவளுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நிமிஷம் வெறுங்கையோடு நின்றாள். பிறகு கட்டிலின் மறுபக்கம் வந்து, தம்பி உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மாவின் வீங்கின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த எட்டு மாதத்தில் அவள் டூட்டி நேரத்தில் உட்கார்ந்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை.

“அம்மா, நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்” என்றாள். தம்பி அம்மாவின் நெற்றியில் கை வைத்திருந்தான். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. மார்பு இன்னும் ஐந்து தடவை எழும்பியது. அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். ஆறாவதுக்காகக் காத்திருந்தபோது டாக்டர் வந்துவிட்டார். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்.

“பன்னெண்டு நாப்பது” என்றாள் புதுசு. அவளுடைய விரல் அம்மாவின் கழுத்தைவிட்டு எடுபடவில்லை.

தம்பி அழுதான். சத்தம் போட்டே அழுதான், பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று. அக்கா அழவில்லை. அம்மாவின் கையை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

புதுசும் இன்னொருத்தியும் அம்மாவை வெந்நீரில் துடைத்தார்கள். தலை வாரிவிட்டார்கள். அக்கா திரைக்கு வெளியே நின்று, காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். ஒரு மணிக்குமேல் இரண்டு பேர் வந்து அம்மாவைத் தள்ளுவண்டியில் கீழே கொண்டுபோனார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் வண்டி இரண்டரைக்குத்தான் வரும் என்றார்கள். சூப்பிரண்டு மேடம் நேரில் வந்து, “நீ கிளம்பும்மா, நான் ஆள் போட்டுக்கறேன்” என்றார்.

“ரெண்டு மணிக்கு ரிப்போர்ட் குடுத்துட்டுப் போயிடறேன் மேடம்.”

மேடம் அவளைப் பார்த்தார். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அதுதான் அங்கே வழக்கம். இரண்டு மணிக்கு மதிய டூட்டிக்காரர்கள் வந்ததும், காலை டூட்டி இன்சார்ஜ் அவர்களைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கவேண்டும். இன்னார், இன்ன நோய், இன்றைக்கு என்ன நடந்தது, இனி என்ன பார்க்கவேண்டும். கட்டிலுக்கு ஒரு நிமிஷம். தம்பிக்கு உட்கார இடமில்லை, நிற்கவும் தோன்றவில்லை. அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தான். அக்காவிடம் சொல்ல நினைத்ததை இன்னும் சொல்லியாகவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். நாலாம் கட்டில்காரிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, ராத்திரி மருந்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும். ஆறாம் கட்டில்காரி நாளைக்கு வீட்டுக்குப் போகிறாள், யாராவது அவள் மகனுக்கு போன் போடவேண்டும். மதிய டூட்டி இன்சார்ஜ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

ஏழாம் கட்டிலில் விரிப்பு எடுத்தாயிற்று. மெத்தை மட்டும் கிடந்தது.

“ஏழு” என்றாள் அக்கா.

எல்லாரும் காத்திருந்தார்கள். மதிய டூட்டி இன்சார்ஜ் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை.

புதுசு ஒரு அடி முன்னால் வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

“ஏழாம் நம்பர்” என்றாள். குரல் கம்மியிருந்தது, ஆனால் நிற்கவில்லை. “சிஸ்டரோட அம்மா. எழுபத்திரெண்டு வயசு. இதயம் வீக்கா இருந்துச்சு. காலையில ஊசி கழண்டுடுச்சு, நான் மூணு தடவை குத்தித்தான் போட முடிஞ்சுது. பன்னெண்டு நாப்பதுக்குப் போயிட்டாங்க. பிள்ளைங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தாங்க.” மதிய டூட்டி இன்சார்ஜின் பக்கம் திரும்பினாள். “இனிமே பாக்க வேண்டியது, சிஸ்டர் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தம்பிதான் கூட இருக்காங்க.”

மதிய டூட்டி இன்சார்ஜ் அதையும் எழுதிக்கொண்டாள்.

புதுசு அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “எட்டாம் நம்பர்” என்று சொல்லி நகர்ந்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். ஒன்பது, பத்து என்று அவள் குரல் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பத்தாவதில் ஏதோ ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஏழாம் கட்டிலின் பக்கத்திலேயே நின்றாள், தம்பியும் நின்றான்.