நாவற்குளத்துக்கு வந்த நட்சத்திரப் பிணம்

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சம் நாவற்குளம் கீழத்தெருவில் தாணுமாலயனின் வைக்கோல் படப்பின்மேல் வந்து தங்கியது. இரண்டு லாரி அகலம் இருக்கும். பழுத்து வெடித்த பலாப்பழத்தின் சடைபோல நார்நாராகப் பிரிந்து, ஓரத்தில் சிவப்பும் உள்ளே பச்சையும் நீலமுமாகப் பகலிலேயே ஒளிவிட்டது. சத்தமில்லை, நாற்றமில்லை, வைக்கோலும் தீப்பிடிக்கவில்லை. படப்பின்மேல் அடைகிடந்த கோழி ஒருதடவை எழுந்து பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு நேந்திரன் வாழைக்குலை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

முதல் பத்து நாள் யாருக்கும் அதனால் தொந்தரவு இல்லை. சாரல் விடாமல் பெய்ததால் பெண்கள் அதன் கீழே வற்றல் காயப்போட்டார்கள். கால் மணிநேரத்தில் காய்ந்தது, கொஞ்சம் நீலம் பிடித்தது, ருசி மாறவில்லை. தெருவிளக்கு கெட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அதைப் பார்க்க ஒருநாளும் வராத பஞ்சாயத்து ஆள் இப்போது வந்து, வெளிச்சத்தின் கீழே நின்று போட்டோ எடுத்து, விளக்கு போட்டாயிற்று என்று எழுதிக்கொண்டு போனார். எழுதப் படித்தவர்கள் செய்கிற வேலை இப்படித்தான் இருக்கும்.

கெடுதல் வந்ததும் படித்தவர் மூலமாகத்தான். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற தன்யா டீச்சர், கண்ணாடிக் குழாய்களோடு வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, தெருவே கேட்கச் சொன்னார். "ஒரு நட்சத்திரம் வெடிச்சுச் செத்ததுல மிஞ்சின உடம்பு இது. செத்துப் பதினோராயிரம் வருஷம் இருக்கும்."

பால் வாங்க வந்த, சிவன்கோவிலில் பூசை செய்கிற போற்றியின் காதில் இது விழுந்தது. பாலை அங்கேயே வைத்துவிட்டுக் குளத்தில் முங்கினார், ஈரத்தோடு போய்க் கோவிலைப் பூட்டினார். தெருவில் பிணம் கிடக்கும்போது நடை திறப்பதில்லை. அது நாவற்குளத்தில் எல்லாருக்கும் தெரிந்த முறை.

தாணுமாலயனின் மகள் அஞ்சுவுக்கு அந்தக் கோவிலில் அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். அவளுக்கு வயது முப்பத்தொன்று. முன்னே இரண்டு சம்பந்தம் நிச்சயம்வரை வந்து முறிந்திருந்தது. மாப்பிள்ளை பத்மகுமார் தோஹாவில் ஏசி மெக்கானிக். லீவு முடிய பத்து நாள்தான் மிச்சம், போனால் இரண்டு வருஷம் வரமுடியாது. வேறு இடத்தில் தாலி கட்டலாமென்றால், இந்த நடையில்தான் கட்டவேண்டும் என்று அவனுடைய அம்மா நேர்ந்திருந்தாள். அவள் நேர்ச்சையை மாற்றுகிற ஜாதி இல்லை.

கோவில் கமிட்டித் தலைவர் நாராயணபெருமாள் போற்றியிடம் சண்டைக்குப் போனார். "பதினோராயிரம் வருஷத்துப் பொணத்துக்கு இன்னும் என்னவோய் தீட்டு?"

"உம்ம மச்சான் ரியாத்துல செத்து, பெட்டி வந்துசேர நாப்பத்துமூணு நாளாச்சுல்லா. பெட்டி வந்த அன்னைக்கு நான் நடை தொறந்தேனா? எப்பம் செத்தாருங்கது கணக்கில்ல. எப்பம் வந்தாருங்கதுதான் கணக்கு. பொணத்தை எடுங்க, தொறக்கேன்."

எடுக்கப் பார்த்தார்கள். பச்சை மட்டையில் பாடை கட்டி, பத்மகுமாரும் சேர்ந்து எட்டுப்பேர் தூக்கினார்கள். பாடை அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கைகள் மட்டும் முழங்கைவரை ஒளிபிடித்தன. கொள்ளிவைத்துப் பார்க்கலாம் என்றான் ஒருவன். வெந்து முடிந்ததை எப்படி மறுபடியும் வேகவைப்பது என்று அவனை உட்காரவைத்தார்கள்.

புதன்கிழமை கோவில் வாசலில் ஊர் கூடியது. தன்னால் வந்த வினை என்று தெரிந்து தன்யா டீச்சரும் வந்திருந்தார். நல்லது செய்வதாக நினைத்துப் பேசினார். "யாரும் பயப்படவேண்டாம். நம்ம ரத்தத்துல இருக்குற இரும்பே இந்த மாதிரி நட்சத்திரங்கள்ல உண்டானதுதான். ஒருவகையில இது நம்ம எல்லாருக்கும் சொந்தம்."

நாராயணபெருமாள் தலையில் கைவைத்தார். "கெடுத்தியே டீச்சரே! இதுவரைக்கும் அனாதைப் பொணம். இப்பம் ஊருக்கே பதினாறு நாள் தீட்டாக்கிப் போட்டியே!"

பத்மகுமார் ஒளிவிடும் விரல்களால் நாளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். தாணுமாலயன் மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அஞ்சுதான் முன்னே வந்தாள்.

"டீச்சர், இந்தப் பூட்டும் இரும்புதானே? இதுக்கும் அது சொந்தமா?"

"ஆமா, இதுக்கும்தான்."

"கோவில் கல்லுக்கு?"

டீச்சர் போற்றியை ஒருதடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கல்லும் அந்த வழிதான்."

"உள்ள இருக்கவரும் கல்லுல்லா. அப்பம் மொதத் தீட்டு அவருக்குத்தான். இது அவருக்க வீட்டுச் சாவு. சாவு வீட்டு வாசலை யாராவது பூட்டுவாளா போற்றி? உங்க அப்பா செத்தன்னைக்கு நீங்க பூட்டினீளா?"

போற்றி வாயிலிருந்த வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம் யோசித்தார். நாஞ்சில் நாட்டில் சாவு வீட்டுக் கதவை அடைத்தவன் எவனும் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "அது சரி மோளே. சாவு வீட்டுல கல்யாணம் நடத்தலாமா?"

இதற்கு நாராயணபெருமாளே பதில் வைத்திருந்தார். "பெரியவரு செத்தா முப்பது நாளுக்குள்ள முடிக்கலாம், விட்டா ஒரு வருஷம் பொறுக்கணும். இவரைவிடப் பெரியவரு எங்கவோய் இருக்காரு?"

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் மோளே" என்று பூட்டைத் திறந்தார் போற்றி.

"படிச்சிருந்தா இன்னும் மூணு மாப்பிள்ளை ஓடியிருப்பான்" என்றாள் அஞ்சு.

வெள்ளிக்கிழமை தாலி கட்டினார்கள். போட்டோவில் எல்லார் பல்லும் பச்சையாக விழுந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லாத இடத்தில் வீடியோக்காரன் லைட்டுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டான். பத்மகுமார் திருவனந்தபுரத்தில் கையுறை போட்டுக்கொண்டு விமானம் ஏறினான். மூன்று மாதத்தில் அஞ்சுவுக்கும் விசா வந்தது. நட்சத்திரம் வைக்கோல் படப்பிலேயே இருந்தது. படப்பு தீர்ந்ததும் வெறும் தரைக்கு மேலே அதே உயரத்தில் நின்றது. ஆண்டுக்கு நாலு விரல் அகலம் கூடும் என்றார் டீச்சர். அடுத்த வீட்டுக்காரன் இப்போதே சர்வேயரைக் கூப்பிட்டு எல்லைக்கல் நட்டுவிட்டான்.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்குத் தாணுமாலயன் கன்னியாகுமரிக் கடலில் முங்கி, அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பலி வைத்தபின், ஒரு சோற்றுருண்டையை மிச்சம் வைத்திருந்தார். இது யாருக்கு என்று பலியிட வைக்கிறவர் கேட்டார்.

"பேரு தெரியாது. சொந்தம்தான். வெடிச்சுச் செத்தாரு."

"வெடிச்சா? பட்டாசு ஆலையிலயா?"

"அதைவிடக் கொஞ்சம் பெரிசு."

"அப்பம் துர்மரணம். எள்ளு கூடுதல் வையும், பின்னால நிக்க ஆளுக்கு வழிவிடும்."

தாணுமாலயன் இன்னொரு பிடி எள்ளை வைத்துக் கும்பிட்டு, உருண்டையை அலையில் விட்டுவிட்டு, வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.