செவ்வாய், வியாழன் மதியச் சாப்பாடு

மாமி ரைஸ் குக்கரிடம் சொன்னார்:

"அவர் சாப்பிடாமல் வெளிக்கிடுறார். ஒரு துண்டுப் புட்டாவது சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு."

ரைஸ் குக்கர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சம்பல் உறைப்பெண்டால் தயிர் கிடக்கு எண்டும் சொல்லு" என்று அடுத்த தகவல் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது. நானும் அந்தப் பெட்டியைப் பார்த்தே, "உறைப்பில்லை" என்றேன்.

மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர் மாமி. பெயர் பவளம். அவரது ஊரில் மாமியார்கள் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்வார்களாம். மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் யூனிட்டில் சமைக்கும் குசினிக்குக் கதவே இல்லை. ஆகவே நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. என் மனைவி நிரூபாதான் அந்த ஆள். மூவரும் ஒரே அறையில் இருப்போம். "குப்பைவாளியை வெளியில வைச்சிட்டாரோ எண்டு கேள்" என்று மாமி சொல்வது எனக்கும் கேட்கும். நிரூபா என் பக்கம் திரும்பி, "நீங்கள் ஏன் இப்பிடி மெலிஞ்சு போனீங்கள் எண்டு அம்மா அழுகிறா" என்பாள். நான் குப்பைவாளியை எடுத்துக்கொண்டு போவேன். மாமி சுவரைப் பார்த்துச் சிரிப்பார்.

நிரூபா இல்லாத இரண்டாவது குளிர்காலம் இது. மார்புப் புற்று. விரைவாக முடிந்தது. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் எல்லாம் போன பிறகு, மாமி முதலில் தேத்தண்ணிக் கேத்திலோடு கதைக்கத் தொடங்கினார். இப்போதெல்லாம் தகவல்கள் மாறாமல் வந்து சேர்கின்றன. அதுதான் பழக முடியாமல் இருக்கிறது.

மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில், டயர் கடைக்கும் ஜிம்முக்கும் நடுவில், அம்மாவும் மகளுமாக ஒரு சமையலறையை வாடகைக்கு எடுத்து நடத்தி வந்தார்கள். சுற்றியிருந்த அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு. கொரோனாவுக்குப் பிறகு அந்த அலுவலகங்களில் பாதிக் கதிரைகள் வெறுமையாகவே கிடக்கின்றன. ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், பாணை டோஸ்டரில் சுட்டுத் தின்கிறார்கள். நிரூபாவுக்குப் பிறகு போன் எடுப்பதும் வண்டி ஓட்டுவதும் என் பொறுப்பு. காப்புறுதிக் கம்பனி வேலையை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டேன். இந்தக் குளிர்காலத்தோடு சமையலறையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புது வேலை கிடைத்து அதைப் புதுப்பிக்க முடியாவிட்டால் மாமி டொரொன்டோவுக்கு, மகன் றிஷியிடம் போய்விடுவார். அங்கே அறைக்குத் திரைச்சீலைகூடத் தைத்துப் போட்டு, படம் அனுப்பியிருந்தார்கள்.

மகள் இல்லாத வீட்டில் மருமகனோடு இருப்பதற்கு மாமிக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தச் சமையலறைதான் காரணம். எனக்கு மாமி வேண்டும். இதை நான் எந்தப் பாத்திரத்திடமும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளூராட்சிக் கவுன்சில், தன் முதியோர் மண்டபங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் வேலையை முன்பெல்லாம் ஒரே பெரிய கம்பனிக்குக் கொடுத்துவிடும். இப்போது சிறிய கடைக்காரரும் கேட்கட்டும் என்று மண்டபத்துக்கு ஒரு டெண்டராகப் பிரித்துவிட்டார்கள். போன வருடம் ஒரு மண்டபத்துக்கு விண்ணப்பித்தோம். தோற்றோம். தோற்றவர்கள் போய், ஏன் என்று கேட்டால் உட்காரவைத்து விளக்குவார்கள் என்பது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. எங்கள் ஆட்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை. "அவங்கட ஆளுக்குக் குடுத்திருப்பாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். நான் போய்க் கேட்டேன்.

ஹெலன் என்ற கொள்முதல் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் படித்தார். விலையில் நாங்கள் முன்னால். சுவையிலும் முன்னால். 'உங்கள் தொழிலால் இந்த வட்டாரத்து மக்களுக்கு என்ன நன்மை' என்ற கேள்விக்கு மட்டும் ஒரு சொல்தான் எழுதியிருந்தோம்.

"'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார் ஹெலன். "இருபது புள்ளிக் கேள்வி. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை."

அது நேர்மையில்லை, வெட்கம் என்று அவருக்கு எப்படி விளக்குவது? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு மாமி இலவசமாகச் சோறு போடுகிறார். விசா முடிவு வராமல் வேலையும் இல்லாமல் இருக்கும் குடும்பங்களுக்குப் பார்சல் போகிறது. நிரூபா படுத்திருந்த வார்டின் தாதிகளுக்கு இன்றுவரை வடை போகிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று அப்போதே கேட்டிருந்தேன். மாமி பாத்திரம் கழுவும் தொட்டியிடம் சொன்னார்: "சோறு போட்டதைக் கொண்டுபோய்க் கவுன்சில்காரருக்குச் சொல்லுறதே? வெக்கக்கேடு எண்டு சொல்லு அவருக்கு."

ஆகவே 'இல்லை' என்று எழுதினேன்.

இந்த வருடம் அடுத்த மண்டபம் வந்தது. செவ்வாயும் வியாழனும், அறுபது பேருக்கு. நான் அடுப்பிடம் போய், "மாமி ஒண்டும் சொல்ல வேண்டாம். சாப்பிட்ட ஆக்கள் சொல்லட்டும்" என்றேன். அடுப்பு கொஞ்ச நேரம் யோசித்தது.

"விரும்பினால் சொல்லட்டும்" என்றார் மாமி அடுப்பிடம். "நான் ஒருத்தரையும் கேக்க மாட்டன்."

நான் கேட்டேன். செந்தூரன் என்றொரு பொடியன், படித்து முடித்து இப்போது கட்டடப் பொறியியலாளன், அன்றைக்கே ஒரு முழுப் பக்கம் எழுதி அனுப்பினான். அதில் பாதி பருப்பைப் பற்றி. வார்டுத் தாதி ஒருவர் வடையைப் பற்றி நான்கு வரி எழுதினார். கடைசி வரியில் நிரூபாவின் பெயர் இருந்தது. அதை அப்படியே சேர்த்து அனுப்பினேன்.

மூன்று பேர் சமையலறையைப் பார்க்க வந்தார்கள். ஹெலன், உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்க் என்ற தாடிக்காரர், முதியோர் பிரிவிலிருந்து ஒரு வயதான பெண்மணி. மாமி புது ஏப்ரனில் நின்றார். பச்சையரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். மூன்று பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேருக்கு எப்படிச் சமைப்பது என்று மாமிக்குத் தெரியாது. டயர் கடைக்காரர்களுக்கு ஏற்கெனவே ஒரு சட்டி போயிருந்தது.

மார்க் வெப்பமானியைக் குழம்புக்குள் விட்டுப் பார்த்தார். குளிரறையைத் திறந்து மூடினார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"கடைசி நேரத்தில் ஒருவருக்கு ஒவ்வாமை என்று தெரிய வந்தால், போன் எடுப்பவர் சமைப்பவருக்கு எப்படித் தெரிவிப்பார் என்று கேட்டிருந்தோம். 'நேரடியாக, வாய்மொழியில், உடனே' என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம்" என்றேன். 'யெஸ்' என்று சொல்லக்கூட ஆங்கிலம் வரவில்லை.

"செய்து காட்டுங்கள். சாப்பாடு வண்டியில் ஏறப்போகிறது. மண்டபத்திலிருந்து உங்களுக்குப் போன். இதோ, ஹெலனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது என்று வைத்துக்கொள்வோம். துளி பட்டாலே மூச்சடைக்கும்."

நான் மாமியைப் பார்த்தேன். மாமி தரையைப் பார்த்தார். டொரொன்டோ அறையின் திரைச்சீலை ஞாபகம் வந்தது. நீலப் பூப்போட்டது. நான் நீராவிப் பெட்டியின் பக்கம் திரும்பி, "ஹெலனுக்கு மீன் ஒத்துக்கொள்ளாதாம். மூச்சடைக்குமாம்" என்றேன்.

மார்க்கும் நீராவிப் பெட்டியைப் பார்த்தார். வயதான பெண்மணி ஏதோ எழுதினார்.

"குழம்பை அங்கால வைக்கச் சொல்லு" என்றார் மாமி, சட்டி மூடியிடம்.

நான் மீன் குழம்பை ஒதுக்கினேன். புதுச் சாப்பாட்டுப் பெட்டி எடுத்து, சோறு வைத்து, பருப்பு வைத்து, பூசணி வைத்தேன். எல்லாம் சரியாகப் போகிறது என்ற நம்பிக்கையில் சம்பலில் ஒரு கரண்டி அள்ளினேன்.

மாமி மேசைக்கு மற்றப் பக்கம் நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சொல்வதற்கு ஏற்ற பொருள் எதுவும் அருகில் இல்லை. மேசையின் அந்தப் பக்கத்தை அப்போதுதான் துடைத்து வெறுமையாக்கியிருந்தார். கரண்டி பெட்டிக்கு மேலே வந்துவிட்டது.

"தம்பி."

நான் நின்றேன்.

"அதைப் போடாதேங்கோ தம்பி. சம்பலுக்கை மாசி கிடக்கு."

மாசி என்பது காய்ந்த மீன். இடித்துப் போட்டால் தேங்காய்ப் பூவோடு பூவாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து சாப்பிடும் எனக்கு அது மீன் என்ற நினைப்பே இருந்ததில்லை. ஆனால் நான் நின்றது அதற்காக இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமி என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம் அது. சொல்லிவிட்டு அவரும் திகைத்துப்போய் நின்றார். பிறகு, அணை ஒன்று போனால் போனதுதான் என்பதுபோல மிச்சமும் வந்தது.

"கரண்டியை அங்கால வையுங்கோ. அந்தப் பெட்டி வேண்டாம், வேற எடுங்கோ. கையைக் கழுவுங்கோ, சோப்புப் போட்டு. என்ன தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறியள், அந்த மனிசிக்கு மூச்சடைக்கப் போகுது."

நான் ஓடினேன். கை கழுவும்போது, சிரிக்கிறேன் என்பது எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. என்ன நடந்தது என்று மார்க் கேட்டார். சம்பலில் மீன் இருப்பதை விளக்கினேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

"எப்போதும் இவ்வளவு வேகமாகத் தகவல் போகுமா?"

"இன்றையிலிருந்து" என்றேன்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தார்கள். அங்கேதான் சிக்கல். 'வைத்துக்கொள்வோம்' என்பது மாமிக்குப் போய்ச் சேரவில்லை. ஹெலன் மீன் குழம்புக்குக் கை நீட்டினார். மாமி சட்டியை நகர்த்தினார். தனக்கு ஒன்றும் செய்யாது, அது ஒரு பாவனை என்று ஹெலன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஆசையிலை சொல்லுறா தம்பி" என்றார் மாமி. "விடாதேங்கோ."

ஹெலன் பருப்போடு சாப்பிட்டு முடித்தார். மற்ற இருவரும் குழம்பு விட்டுச் சாப்பிட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்த விதம் பாவமாக இருந்தது. போகும்போது என்னிடம் தனியாக, "முடிவு எப்படியானாலும் எனக்கு அந்தக் குழம்பு வேண்டும்" என்றார்.

முடிவு மின்னஞ்சலில் வந்தபோது அலுவலகத்தில் இருந்தேன். போனில் சொல்ல விரும்பவில்லை. மல்கிரேவுக்கு வண்டியை விட்டேன். மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சமையலறையில் கேத்தில், குக்கர், அடுப்பு எல்லாம் இருந்தன.

"மாமி, கிடைச்சிட்டுது" என்றேன்.

மாமி கத்தியை வைத்தார். அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார், வெங்காயக் கையால். அதனால் அவர் அழுதது எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் எழும்பி, கை கழுவி, றிஷிக்குப் போன் போட்டார்.

"தம்பி றிஷி, இப்ப வர ஏலாது. செவ்வாயும் வியாழனும் வேலை." மறுமுனையில் ஏதோ நீளமாகக் கேட்டது. "ஓம், ஓம், திரைச்சீலை வடிவாத்தான் கிடக்கு. வேலை ரெண்டு வருசத்துக்காம். பிறகும் நீட்டுவாங்களாம். வேலை விசயமெண்டால் இவரோட கதை" என்று போனை என் கையில் தந்தார்.

முதல் செவ்வாய் மழை பெய்தது. மண்டபத்தில் அறுபது பேரும் நேரத்துக்கே வந்து, கரண்டியோடு இருந்தார்கள். கிரேக்கர்கள், இத்தாலியர்கள், வியட்நாமியர்கள், சுவரோரம் எங்கள் ஆட்கள் நான்கைந்து பேர். மாமி பரிமாறும் ஜன்னலுக்குள் நின்றார். அவரிடம் யாராவது ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால், மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, "தம்பி, இங்கை வாங்கோ" என்றார். ஒருவருக்குச் சோறு குழைவாக வேண்டும். தம்பி. ஒருவருக்கு உறைப்பு ஆகாது. தம்பி. ஒரு கிரேக்க அன்ரிக்குச் சொதி என்ற மஞ்சள் குழம்பில் என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். தம்பி. நான் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஓடினேன். மழையில் நனைந்த சப்பாத்துக் கால் தரையில் கீச்சிட்டது.

இரண்டாம் தரம் சொதி கொண்டுபோகும் நேரம், வாசலோரம் இருந்த இத்தாலியக் கிழவர் ஒருவர் வெறுங்கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார். "தம்பீ" என்றார். கடைசி எழுத்தை இழுத்து, பாட்டுப்போல. அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் இன்னொருவர். பிறகு அந்தக் கிரேக்க அன்ரி. சுவரோரம் இருந்த எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டுத் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் சொதிச் சட்டியோடு நடுவில் நின்றேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. மங்கலாக, எல்லாப் பக்கமும் கிண்ணங்கள் உயர்ந்து நின்றன. ஜன்னலுக்குள்ளிருந்து மாமி உடம்பை வெளியே நீட்டி, எந்த மேசையில் தொடங்க வேண்டும் என்று அகப்பையால் காட்டிக்கொண்டிருந்தார்.